வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு ஃபஸ்ஸி கட்டுப்படுத்தி

ஃபஸ்ஸி கட்டுப்படுத்தி ஒன்றை வடிவமைக்கப் புகுகிறவர், முதற்காரியமாகக் கணினியைத் திறப்பது உசிதமன்று. இன்று கிடைக்கும் மென்பொருள் கருவிகள் அத்தனை வசதியானவை. ஐந்தாறு முக்கோணங்களை வரைந்து, பதினைந்து விதிகளை அடுக்கி, வர்ணம் தீட்டிய ஒரு பரப்பைத் திரையில் இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆனால் அந்த முக்கோணங்களின் முனைகள் எங்கே நிற்கவேண்டும், விதிகளின் முடிவில் எந்த எண் அமரவேண்டும் என்பவற்றைக் கருவி அறியாது. கட்டுப்படுத்தப்படவேண்டிய யந்திரமும், அதனைப் பல ஆண்டுகளாகக் கையால் ஓட்டிவரும் தொழிலாளியுமே அறிவர். ஆதலால், இவ்வத்தியாயத்தில் ஒரு சிறிய வெந்நீர்த் தொட்டியை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அதன் இயல்பை முதலில் காகிதத்தில் கணக்கிட்டு, பிறகே கருவிக்குள் புகுந்து, கருவி தரும் விடையை மறுபடியும் கையால் சரிபார்த்து, அதன் பின்னரே விதிகளைத் திருத்தும் முறையில் செல்வோம்.

இத்துறைக்கு மூலபுருஷர், பாகு நகரில் 1921-இல் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய லோத்ஃபி ஸாதே என்பவர். ஒரு பொருள் ஒரு கணத்தில் அடங்கும் அல்லது அடங்காது என்பதே பழைய கணிதத்தின் கொள்கை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே எந்த அளவிலும் ஒரு பொருள் ஒரு கணத்தில் அங்கத்துவம் பெறலாம் என்று 1965-இல் வெளியான கட்டுரையில் அவர் எடுத்துரைத்தார். எட்டாண்டுகள் கழித்து, மனிதர் பேசும் சொற்களையே மாறிகளாகக் கொண்டு, 'இப்படியிருந்தால் இதைச் செய்' என்ற உருவிலுள்ள விதிகளால் சிக்கலான அமைப்புகளை விவரிக்கலாம் என்பதையும் அவரே காட்டினார். அக்கருத்தை முதன்முதலாக யந்திரத்தின்மீது பரீட்சித்துப் பார்த்தவர்கள், லண்டன் குயீன் மேரி கல்லூரியைச் சேர்ந்த எப்ராஹிம் மம்தானியும் அவருடைய மாணவர் ஆசிலியனும் ஆவர். ஆய்வுக்கூடத்திலிருந்த சிறு நீராவி யந்திரம் ஒன்றின் அழுத்தத்தையும் வேகத்தையும், எழுதிவைத்த விதிகளைக் கொண்டே அவர்கள் கட்டுப்படுத்தினார்கள். 1974-லும் 1975-லும் அப்பரிசோதனையின் விவரங்கள் அச்சேறின. அதில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அவர்களுடைய விதிகள் கொதிகலத்துக்கு எவ்வளவு வெப்பம் கொடுப்பது என்று சொல்லவில்லை. இப்போது கொடுப்பதில் எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்றே சொல்லின. இதன் பயன் எத்தகையது என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

பிறகு டென்மார்க்கில் சிமெண்டுச் சூளைகளுக்கும், 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரத்துச் சுரங்க ரயிலுக்கும் இம்முறை சென்றது. சிமெண்டுச் சூளையின் உள்ளே நிகழும் ரசாயன மாற்றங்களைச் சமன்பாடுகளில் அடக்குவது மிகவும் கடினம். ஆனால் அதை ஓட்டுகிறவர் சுடரின் நிறத்தையும் சூளையைச் சுழற்றும் மோட்டாரின் பளுவையும் பார்த்தே நிர்வகித்து வந்தார். ஃபஸ்ஸி முறைக்கு ஏற்ற நிலம் அத்தகையதே. சமன்பாடு எளிதாகக் கிடைக்கும் இடத்தில், பி.ஐ.டி. கட்டுப்படுத்தி ஒன்றை நன்றாகச் சீரமைத்து வைத்தாலே காரியம் முடிந்துவிடும் என்றால், அதையே வைப்பது அறிவுடைமை. புதுமை என்ற காரணத்துக்காக மட்டும் ஃபஸ்ஸி முறையைப் புகுத்துவதை நான் ஆதரிப்பதில்லை.

அப்படியானால் சமன்பாட்டில் எளிதாக அடங்குகிற வெந்நீர்த் தொட்டியை ஏன் உதாரணமாக எடுத்தோம் என்று வாசகர் கேட்கக்கூடும். விடையைக் கையால் சரிபார்க்கத்தக்க ஒரு பொருளில் பயிலாதவர், சரிபார்க்க இயலாத சூளையில் கருவியின் திரையையே பிரமாணமாகக் கொண்டுவிடுவார் என்பதே காரணம். மேலும், இந்த எளிய தொட்டியிலுங்கூடப் பி.ஐ.டி. எளிதில் சமாளிக்காத ஒரு கோணல் இருக்கிறது.

தொட்டியின் இயல்பு

தொட்டியில் 5 லிட்டர் தண்ணீர். அதனுள் 1000 வாட் ஹீட்டர். வெப்பம் எங்கும் ஒரே சீராகப் பரவும்படி ஒரு கலக்கி. அறையின் வெப்பநிலை 30 டிகிரி. நமக்கு வேண்டிய குறியளவு 60 டிகிரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4186 ஜூல் வேண்டுமாதலால், ஐந்து கிலோவுக்கு 20,930 ஜூல் வேண்டும். எனவே ஹீட்டர் முழுவேகத்தில் எரிந்தால், வெளியே கசியும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாதபோது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.9 டிகிரி ஏறும். தொட்டிக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 வாட் வீதம் வெப்பம் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். (உங்கள் தொட்டிக்கு இந்த எண் வேறாக இருக்கும், ஹீட்டரை அணைத்துவிட்டு, பத்து நிமிடங்களில் எவ்வளவு தணிகிறது என்று பார்த்து அதைக் கண்டுகொள்ளலாம்.) 60 டிகிரியில் நிற்கும்போது இழப்பு 150 வாட். அதாவது, தொட்டி குறியளவில் அசையாமல் நிற்பதற்கே ஹீட்டர் தன் சக்தியில் 15 சதவீதத்தை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும்.

இந்த 15 சதவீதத்தை மறந்ததால் பாழான வடிவமைப்புகள் பல. 'குறியளவுக்கும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் பூஜ்யமானால் ஹீட்டரின் சக்தியும் பூஜ்யம்' என்று விதி எழுதுகிறவர், தம் தொட்டி ஒருபோதும் 60-ஐ எட்டாமல், அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுவதைக் காண்பார். முக்கோணங்களை எவ்வளவு நகர்த்தினாலும் அக்குறை முற்றிலும் நீங்காது. மம்தானி செய்ததுபோல, விதியின் முடிவைச் சக்தியின் அளவாக வைக்காமல் சக்தியில் செய்யவேண்டிய மாற்றமாக வைத்தால், வித்தியாசம் இருக்கும்வரை மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தேவையான 15 சதவீதத்தைக் கட்டுப்படுத்தி தானே தேடி அடைந்துவிடும்.

கோணல் என்று சொன்னதையும் இங்கேயே காட்டிவிடுகிறேன். 60 டிகிரிக்கு அருகில் ஹீட்டர் முழுவேகத்தில் எரிந்தால், இழப்பு போக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 டிகிரி ஏறும். அதையே முழுக்க அணைத்தாலோ நிமிடத்துக்கு 0.43 டிகிரிதான் தணியும். ஏறுவது தணிவதைப்போல ஐந்தரை மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் நிகழ்கிறது. குறியளவைத் தாண்டி இரண்டு டிகிரி ஏறிவிட்டால், அது இறங்கி வருவதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள் காத்துக்கிடக்கவேண்டும். ஹீட்டரால் சூடேற்ற முடியுமே ஒழியக் குளிர்விக்க முடியாது. சாயத்தொட்டியைக் கையால் காத்து நிற்கும் ஒரு பழைய தொழிலாளியைக் கேட்டால், கணக்கொன்றும் போடாமலேயே இதைச் சொல்லிவிடுவார்: "கிட்ட வரும்போதே அணைச்சிடுவேங்க, மிச்சம் அதுவே ஏறிக்கும், தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." அவர் சொன்னது முழுமையான ஒரு கட்டுப்பாட்டு விதி. அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகு கணினியைத் திறக்கலாம்.

முக்கோணங்களும் பதினைந்து விதிகளும்

உள்ளீடுகள் இரண்டு. முதலாவது, குறியளவிலிருந்து தற்போதைய வெப்பநிலையைக் கழித்த வித்தியாசம். இதற்கு ஐந்து கணங்கள்: 'மிகக் குளிர்', 'சற்றுக் குளிர்', 'சரி', 'சற்றுச் சூடு', 'மிகச் சூடு'. அவற்றின் முனைகள் முறையே 8, 4, 0, −4, −8 டிகிரியில் நிற்கட்டும். ஒவ்வொரு முக்கோணத்தின் அடியும் அண்டை முக்கோணத்தின் முனைக்கு நேரே முடியட்டும். இரண்டு கோடிகளிலும் முக்கோணத்துக்குப் பதிலாகத் தோள்போல் தட்டையாக நீளும் வடிவம் இருக்கட்டும். இரண்டாவது உள்ளீடு, வெப்பநிலை நிமிடத்துக்கு எத்தனை டிகிரி மாறுகிறது என்ற வேகம். இதற்கு மூன்று கணங்கள் போதும்: 'தணிகிறது', 'நிலை', 'ஏறுகிறது', முனைகள் −2, 0, 2. வெளியீடு, பத்து விநாடிக்கு ஒருமுறை ஹீட்டரின் சக்தியில் செய்யவேண்டிய மாற்றம்: −20, −10, 0, 10, 20 சதவீதம் என்னும் ஐந்து எண்களில் ஒன்று.

ஐந்தும் மூன்றும் பெருக்கினால் பதினைந்து விதிகள். வெப்பநிலை நிலையாக இருக்கும்போது, மிகக் குளிர் முதல் மிகச் சூடு வரை வரிசையாக 20, 10, 0, −10, −20. அது ஏறிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு படி கீழே இறங்கி 10, 0, −10, −20, −20 ஆகும். தணிந்துகொண்டிருந்தால் ஒரு படி மேலேறி 20, 20, 10, 0, −10 ஆகும். ஐந்து வரிசையும் மூன்று பத்தியும் கொண்ட அட்டவணையாக இதைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விதிகளைத் திரையில் வாக்கியங்களாகப் படிக்கும்போது தென்படாத முரண், அட்டவணையில் உடனே கண்ணில் படும். உள்ளீடு ஒன்றைக் கூட்டலாமே என்ற ஆசை இந்நேரத்தில் பலருக்கு எழும். ஐந்து கணங்களுள்ள உள்ளீடு மூன்றாகும்போது விதிகள் 125, நான்காகும்போது 625 என்பதையும், 625 விதிகளைச் சிந்தித்து எழுதக்கூடிய மனிதர் எவருமில்லை என்பதையும் நினைவிற்கொண்டு அவ்வாசையை அடக்கிக்கொள்வது நலம்.

இனிக் கருவி. மேட்லாப் மென்பொருளின் ஃபஸ்ஸி லாஜிக் டூல்பாக்ஸ் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பான்மையாகப் புழங்குவது. அங்கத்துவச் சார்புகளை வரைய ஒரு சாளரமும், விதிகளை எழுத ஒன்றும், விதிகள் எரிவதைக் காண ஒன்றும், கட்டுப்பாட்டுப் பரப்பைக் காண ஒன்றும் அதில் உண்டு. சிமுலிங்கோடு இணைத்துத் தொட்டியின் மாதிரியையும் அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பணம் செலவிட விரும்பாதவருக்குப் பைத்தான் மொழியில் ஸைகிட்-ஃபஸ்ஸி என்ற தொகுப்பும், ஸி++ மொழியில் ஃபஸ்ஸிலைட்டும், ஜாவா மொழியில் ஜேஃபஸ்ஸிலாஜிக்கும் இருக்கின்றன. தொழிற்சாலைப் பணிக்கென்றே எழுந்தது ஜெர்மனியின் ஆகன் நகரத்து இன்ஃபார்ம் நிறுவனத்தாரின் ஃபஸ்ஸிடெக். மைக்ரோகன்ட்ரோலருக்கு வேண்டிய நிரலை அதுவே ஸி மொழியில் எழுதிக் கொடுத்துவிடும். பி.எல்.ஸி. நிரலாக்கத்துக்கான ஐ.இ.ஸி. 61131 என்ற சர்வதேசத் தரத்தின் ஏழாம் பாகம், ஃபஸ்ஸி விதிகளை எழுதுவதற்கென ஒரு பொதுமொழியை வகுத்திருக்கிறது; ஜேஃபஸ்ஸிலாஜிக் அந்த மொழியையே படிக்கிறது. எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், உங்கள் வடிவமைப்பு சாதாரண எழுத்துக்கோப்பாகச் சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பத்தாண்டுகள் கழித்து அந்த மென்பொருள் கிடைக்காமற்போனாலும், எழுத்துக்கோப்பைப் படித்து விதிகளை மீட்டுக்கொள்ளலாம்.

ஒரு புள்ளியைக் கையால் கணக்கிடுதல்

விதிகளைக் கருவியில் ஏற்றியவுடன் பரப்பைப் பார்க்கும் ஆவலைச் சற்றே ஒத்திவைத்து, ஒரேயொரு புள்ளியைக் காகிதத்தில் கணக்கிடுங்கள். தண்ணீர் 57 டிகிரியில் இருக்கிறது. நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 3. அது 'சற்றுக் குளிர்' என்பதில் 0.75 அளவும், 'சரி' என்பதில் 0.25 அளவும் அங்கத்துவம் பெறுகிறது. மற்ற மூன்றிலும் பூஜ்யம். வேகம் 0.5, அது 'நிலை' என்பதில் 0.75, 'ஏறுகிறது' என்பதில் 0.25. எனவே பதினைந்து விதிகளில் நான்கே எரிகின்றன. சற்றுக் குளிர்-நிலை என்ற விதி 10 என்கிறது. சற்றுக் குளிர்-ஏறுகிறது என்பது 0. சரி-நிலை என்பதும் 0. சரி-ஏறுகிறது என்பது −10.

ஒவ்வொரு விதியும் எவ்வளவு வலுவோடு எரிகிறது என்பதை நிர்ணயிக்க இரண்டு வழிகள் வழக்கத்திலுள்ளன. இரு அங்கத்துவங்களில் சிறியதை எடுத்துக்கொள்வது ஒன்று. இரண்டையும் பெருக்குவது மற்றொன்று. சிறியதை எடுத்தால் வலுக்கள் 0.75, 0.25, 0.25, 0.25, அவற்றின் கூட்டுத்தொகை 1.5. ஒவ்வொரு முடிவையும் அதன் வலுவால் பெருக்கிக் கூட்டினால் 7.5 கழித்தல் 2.5, அதாவது 5, இதை 1.5-ஆல் வகுக்க 3.33 சதவீதம் கிடைக்கும். பெருக்கும் வழியிலோ வலுக்கள் 0.5625, 0.1875, 0.1875, 0.0625, கூட்டுத்தொகை சரியாக 1, விடை 5.625 கழித்தல் 0.625, அதாவது 5 சதவீதம். அதே முக்கோணங்கள், அதே விதிகள், அதே வெப்பநிலை. ஒரு சிறு தேர்வினால் மட்டும் விடை 3.33-ஆகவும் 5-ஆகவும் மாறுகிறது. இந்தத் தேர்வைப் பெரும்பாலான கருவிகள் உங்களைக் கேட்காமலேயே செய்துவிடுகின்றன. மேட்லாப், விதியின் முடிவு முக்கோணம் போன்ற கணமாக அமையும் மம்தானி வகைக்குச் சிறியதையும், நம்முடையதுபோல முடிவு எண்ணாக அமையும் சுகேனோ வகைக்குப் பெருக்கலையும் தானாக அமைத்துக்கொள்கிறது. ஒரு கருவியில் வடிவமைத்து இன்னொன்றில் நிறைவேற்றுகிறவர், இரண்டின் விடையும் ஏன் ஒத்துவரவில்லை என்று நாட்கணக்கில் தேடி அலைவதற்கு முதற்காரணம் இதுவே.

பெருக்கல் வழியில் கிடைத்த 5 என்ற எண்ணில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. வித்தியாசத்தை 2.5-ஆல் பெருக்கி, அதிலிருந்து வேகத்தின் 5 மடங்கைக் கழித்துப் பாருங்கள்: 7.5 கழித்தல் 2.5, மறுபடியும் 5. இது தற்செயலன்று. சம இடைவெளியுள்ள முக்கோணங்கள், ஒரே சீரான படிகளையுடைய அட்டவணை, பெருக்கல், எடையிட்ட சராசரி ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தால், கடைசி முனைகளுக்கு உட்பட்ட வீச்சில், அட்டவணையின் முட்டிநிற்கும் இரண்டு மூலைகள் தவிர மற்ற எங்கும், ஃபஸ்ஸி கட்டுப்படுத்தி சாதாரணப் பி.ஐ. கட்டுப்படுத்தியாகவே நடக்கும், திரையில் தெரியும் பரப்பும் சாய்த்து வைத்த ஒரு பலகைபோல் தட்டையாயிருக்கும். பதினைந்து விதிகளும் இத்தனை முக்கோணங்களும் எழுதி, இரண்டு பெருக்கலும் ஒரு கழித்தலும் தரும் விடையைத்தான் பெற்றிருக்கிறோம். இதனை அறியாமலேயே, தட்டையான பரப்பை வைத்துக்கொண்டு ஃபஸ்ஸி முறையின் பெருமையைப் பேசுகிறவர்கள் உண்டு.

எனினும், இந்தத் தட்டைப் பரப்பு ஆரம்பிப்பதற்கு மிகச் சிறந்த இடம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நன்கு நடக்கும் பி.ஐ. கட்டுப்படுத்தி ஒன்று ஏற்கெனவே இருந்தால், அதன் எண்களிலிருந்தே அட்டவணையை அமைத்துக்கொள்ளலாம். அப்போது முதல் நாளிலேயே பழைய கட்டுப்படுத்தியைவிட மோசமாகாத ஒன்று கைக்குக் கிடைத்துவிடும். அதற்குமேல் செய்யும் ஒவ்வொரு திருத்தமும், இன்ன இடத்தில் இன்ன காரணத்துக்காகப் பரப்பை வளைத்தேன் என்று சொல்லக்கூடியதாக இருக்கும்.

பரப்பை வளைத்தல்

இப்போது சாயத்தொட்டித் தொழிலாளியின் சொல்லுக்குத் திரும்புவோம். கிட்டே வரும்போதே அணைத்துவிடுவேன் என்றார். அதனை அட்டவணையில் எங்கே எழுதுவது? 'ஏறுகிறது' என்ற பத்தியில், 'சற்றுக் குளிர்' வரிசையிலுள்ள 0 என்பதை −10 ஆக்குங்கள். 'சரி' வரிசையிலுள்ள −10 என்பதை −20 ஆக்குங்கள். தணியும் பத்தியில் இவற்றுக்கு நேர்மாறான கட்டங்களைத் தொடவேண்டாம்; தொட்டியின் இயல்பே இருபுறமும் ஒன்றாக இல்லாதபோது அட்டவணை மட்டும் ஏன் ஒன்றாயிருக்கவேண்டும்? மீண்டும் அதே புள்ளியைக் கணக்கிடுவோம்: 5.625 கழித்தல் 1.875 கழித்தல் 1.25, விடை 2.5. முன்பு 5 சதவீதம் கூட்டச் சொன்ன இடத்தில், இப்போது அதில் பாதியையே கூட்டச் சொல்கிறது. 'மிகக் குளிர்' வரிசை மாறவில்லையாதலால் தொலைவிலிருக்கும்போது தொட்டி பழைய வேகத்திலேயே ஏறும். நெருங்கும்போது மட்டும் அடக்கிக்கொள்ளும். ஒரே பெருக்கெண்ணை எங்கும் வைத்திருக்கும் பி.ஐ. கட்டுப்படுத்தியால் இதனைச் செய்ய இயலாது. ஃபஸ்ஸி முறை தன் கூலியைச் சம்பாதிப்பது இத்தகைய இடத்தில்தான்.

வேகத்தின் முக்கோணங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். 'தணிகிறது' என்பதன் முனையை −2-இல் வைத்தோம். ஆனால் நம் தொட்டி தானாக 0.43-க்குமேல் தணியாது என்று கணக்கிட்டிருக்கிறோம். ஹீட்டரை முழுக்க அணைத்திருக்கும்போதுங்கூட அந்தக் கணத்தின் அங்கத்துவம் 0.2-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவே. யாராவது குளிர்ந்த நீரை ஊற்றினாலொழிய அப்பத்தியிலுள்ள ஐந்து விதிகளும் முழுவலுவோடு எரியப்போவதில்லை. முனையை −1-க்குக் கொணர்வது நல்லது. −0.4 வரை இழுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் சென்சார் ஒரு படி நடுங்கியதற்கெல்லாம் ஹீட்டர் துள்ளும். கருவி தானாக அமைத்துத் தரும் வீச்சுகள் இருபுறமும் சமமாகவே இருக்கும். அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வது, தொட்டியைப் பற்றி நாம் அறிந்ததனைத்தையும் தூக்கியெறிவதற்கு ஒப்பாகும்.

வெளியீட்டுக்கு எண்களை வைக்காமல், மம்தானியைப் பின்பற்றி முக்கோணங்களையே வைக்க விரும்புகிறவர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். வீச்சை −20 முதல் 20 வரை என்று குறித்து, கடைசிக் கணத்தை 10-இல் தொடங்கி 20-இல் உச்சியடையும் பாதி முக்கோணமாக வரைந்தால், அது முழுவலுவோடு தனித்து எரியும்போதுங்கூட அதன் ஈர்ப்புமையம் 16.67-லேயே விழும், 20 என்ற விடை ஒருபோதும் வராது. வீச்சை 30 வரை நீட்டி, முக்கோணத்தை இருபுறமும் சமமாக வரைந்துவிட்டால் இக்குறை தீரும். இன்னொரு பொறி, எந்த விதியும் எரியாத இடம். முக்கோணங்களுக்கிடையே இடைவெளி விட்டிருந்தாலோ விதியொன்றை எழுத மறந்திருந்தாலோ, வலுக்களின் கூட்டுத்தொகை பூஜ்யமாகி, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும் நிலை பிறக்கும். சில கருவிகள் அப்போது வீச்சின் நடு எண்ணைச் சத்தமின்றித் தந்துவிடும். நீங்களே எழுதிய நிரலோ நின்றுபோகக்கூடும்.

தொட்டியருகே

கணினியில் திருப்தியளித்த கட்டுப்படுத்தி தொட்டியருகே சென்றதும் தடுமாறுவதற்கு, பெரும்பாலும் வேகத்தை அளக்கும் விதமே காரணமாயிருக்கும். டி.எஸ். 18பி20 என்ற சென்சார் இவ்வேலைக்குப் பரவலாகப் பயன்படுவது, மலிவானது, அதன் மிக நுண்ணிய படி 0.0625 டிகிரி. பத்து விநாடிக்கு ஒருமுறை படித்து, முந்தைய வாசிப்பிலிருந்து கழித்து வேகத்தைக் கண்டால், ஒரு படி மாறியதே நிமிடத்துக்கு 0.375 டிகிரி வேகமாகத் தோன்றும். நிலையாக நிற்கும் தண்ணீர் ஒரு வாசிப்பில் ஏறுவதாகவும் மறுவாசிப்பில் நிற்பதாகவும் கட்டுப்படுத்திக்குத் தெரியும். இப்போதைய வாசிப்பிலிருந்து அறுபது விநாடிக்கு முந்தைய வாசிப்பைக் கழித்தால், அதே ஒரு படி 0.0625 வேகமாக அடங்கிவிடும். ஆனால் இடைவெளி நீளநீளச் செய்தி பழையதாகிறது என்பதையும் மறக்கலாகாது. ஐந்து நிமிட இடைவெளியில் அளந்தால், தாண்டிப்போன பிறகே ஏறுகிறது என்ற செய்தி வந்துசேரும். சிமுலேஷனில் தொட்டியின் மாதிரியோடு இந்த 0.0625 படியையும் சேர்த்தே ஓட்டிப் பாருங்கள்.

சேர்ந்துகொண்டே போகும் சக்தி, பூஜ்யத்துக்குக் கீழும் நூறுக்கு மேலும் செல்லாதபடி நிரலில் எல்லை கட்டவேண்டும். குளிர்ந்த தொட்டியைச் சூடேற்றும்போது பத்து விநாடிக்கு இருபது சதவீதம் வீதம் கூடிக்கொண்டே போனால், எல்லையில்லாத கணக்கு சில நிமிடங்களில் ஐந்நூறைத் தாண்டிவிடும். பிறகு அது நூறுக்கு இறங்கி வருவதற்குள் தண்ணீர் குறியளவைப் பல டிகிரி தாண்டிவிடும். சதவீதத்தை ஹீட்டரில் நிறைவேற்றுவதற்கு, பத்து விநாடியில் அத்தனை பங்கு நேரம் எரியவிட்டு மீதி நேரம் அணைப்பதே எளிய வழி. 15 சதவீதமென்றால் ஒன்றரை விநாடி. இதற்குச் சாதாரண ரிலேயைப் போடாதீர்கள். நாளொன்றுக்கு 8,640 தடவை அது விசைக்கவேண்டியிருக்கும். லட்சம் தடவை தாங்கும் என்று குறிக்கப்பட்ட ரிலே, பன்னிரண்டு நாட்களுக்குள் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். சாலிட் ஸ்டேட் ரிலேயே இங்குப் பொருத்தம். சென்சார் கழன்றுவிட்டாலும், நிரல் உறைந்துபோனாலும், அந்த ரிலே உருகி ஒட்டிக்கொண்டாலும் ஹீட்டரின் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு, கணினியோடு எவ்விதச் சம்பந்தமுமில்லாத தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொட்டியில் தனியே பொருத்துவது இன்றியமையாதது. விதிகள் எவ்வளவு சிறந்தவையாயினும், இதற்கு அவை ஈடாகா.

நிரலை மைக்ரோகன்ட்ரோலரில் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அது சிரமமாயிருந்ததால், மோட்டரோலா நிறுவனம் தன் 68எச்ஸி12 சில்லில் அங்கத்துவம் காணவும் விதிகளை மதிப்பிடவும் எடையிட்ட சராசரி எடுக்கவும் தனித்தனிக் கட்டளைகளையே வைத்திருந்தது. இன்றோ பதினைந்து விதிகளும் எண் வடிவ முடிவுகளும் கொண்ட கட்டுப்படுத்தியை எந்தச் சிறு சில்லும் பத்து விநாடிக்குள் எளிதாக முடித்துவிடும். நாம் கணக்கிட்ட அந்த ஒரு புள்ளியைச் சில்லுக்குக் கொடுத்து, 2.5 வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பரிசோதனை, தொட்டி 60 டிகிரியில் அமைதியாக நிற்கும்போது ஒரு லிட்டர் வெந்நீரை முகந்துவிட்டு, அறை வெப்பத்திலுள்ள தண்ணீர் ஒரு லிட்டரை ஊற்றுவது. நான்கு லிட்டர் 60-லும் ஒரு லிட்டர் 30-லும் கலந்தால் 54. ஆறு டிகிரி இறங்கும். அதை மீட்பதற்கு, ஆறு மடங்கு 20,930 ஜூல் வேண்டும். இழப்பு போக ஹீட்டரிடம் மிஞ்சுவது 850 முதல் 880 வாட். ஆகவே முழுச்சக்தியோடு எரிந்தாலும் ஏறத்தாழ இரண்டரை நிமிடங்கள் ஆகும். சிமுலேஷனில் இதற்குக் குறைவான நேரத்தில் மீண்டதாகத் திரை காட்டினால், கட்டுப்படுத்தியைப் பாராட்டாமல் மாதிரியிலுள்ள பிழையைத் தேடுங்கள். பெரும்பாலும் சக்திக்கு நூறு சதவீத எல்லை கட்ட மறந்திருப்பீர்கள். தொட்டியில் நான்கு நிமிடங்களுக்குள் மீண்டு, 61-ஐத் தொடாமல் நின்றதென்றால், அந்த அட்டவணையைத் தேதியிட்டு, எந்தக் கட்டத்தை எதற்காக மாற்றினீர்கள் என்ற குறிப்போடு எழுதிவைத்துவிட்டு, அடுத்த யந்திரத்துக்குச் செல்லலாம்.